ஒன்பதாவது பாட்டின் கடைசி இரண்டு நிமிடம்

அண்ணன் எனக்குப் பதிந்து தந்த கேசட்டில் அந்தப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். குரல் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு மூச்சை இழுக்கும். டக். பிளேயரின் பொத்தான் தானாக மேலே எழும். டேப் தீர்ந்துவிட்டது.

அது 90 நிமிட கேசட். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பம் மொத்தமே 42 நிமிடம் சொச்சம். ஒரே பக்கத்தில் தாராளமாக அடங்கியிருக்க வேண்டும். ஆனால் நண்பன் வீட்டில் இசைத்தட்டைப் போட்டுப் பதிந்தபோது, முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட அண்ணன் எழுந்திருக்கவில்லை. பதிவை நிறுத்தவும் இல்லை. அதனால் என் கேசட்டில் நான்காவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவில் நான்கு நிமிடத்துக்கும் மேலாக ஒன்றுமே இருக்காது. முள் கடைசி வட்டத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும் சத்தம் மட்டும். டிக்... டிக்... டிக்... நிமிடத்துக்கு முப்பத்துச் சொச்சம் தடவை. அந்த டிக்டிக் தின்ற நேரம்தான் கடைசிப் பாட்டின் முடிவைக் கொண்டுபோனது.

அந்தக் கடைசிப் பாட்டின் பெயர் 'த லேடி இன் மை லைஃப்'. ஆல்பத்தில் ஒன்பதாவது. பல வருடங்களாக எனக்கு அது மூன்று நிமிடப் பாட்டு.

அந்த வயதில் அதை ஓர் இழப்பாகவே நான் நினைக்கவில்லை. எல்லோரையும் போல நானும் அந்த கேசட்டை ஆடுவதற்காகத்தான் போட்டேன். 'பீட் இட்', 'பில்லி ஜீன்' என்று ஆடித் தீர்த்துவிட்டு, ஒன்பதாவது பாட்டு வருவதற்குள் தரையில் மல்லாந்து படுத்திருப்பேன். வேர்வை ஆறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அது என் காதில் விழுந்து விழுந்து பழகியது. மெல்ல விரிகிற கீபோர்டு. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அடக்கிப் பாடும் குரல். ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. புரிந்த பாதியில் அவன் நிறைய வாக்குக் கொடுத்தான். என் மனதை நம்பு என்றான். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் நாளுக்கு நாள் அன்பு கூடத்தான் செய்யும் என்றான். நீதான் எப்போதும் என் வாழ்க்கையின் பெண் என்றான். பதினைந்து வயதுக்காரிக்கு அது போதுமானதாக இருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, டேப் முடிந்தாயிற்று. பாட்டு அங்கேதான் முடிகிறது என்று வைத்துக்கொண்டாலும் குறை தெரியாது.

முழுப் பாட்டையும் நான் கேட்டது கல்யாணமாகி இரண்டாவது வருடத்தில். அந்த வாரம் எனக்கும் என் கணவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன காரணம் என்று இப்போது எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வரவில்லை. அப்போது அது உலகமே சரிந்துபோன காரணமாக இருந்தது. அவர் ஓர் அறையில், நான் ஓர் அறையில். இரவு பதினொரு மணிக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் முன்பு வாங்கிய 'திரில்லர்' குறுந்தகடு ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது பாட்டு வந்தது. எனக்குத் தெரிந்த இடம் வரைக்கும் கூடவே வாய்க்குள் பாடிக்கொண்டு போனேன். மூச்சு இழுக்கும் அந்த இடம் வந்ததும் என் கை தானாகவே நின்றது. இத்தனை வருடப் பழக்கம். 'டக்' சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. பாட்டு தொடர்ந்தது.

தொடர்ந்தது என்று சொன்னால் போதாது. வேறொரு பாட்டாக மாறியது. அதுவரை பின்னால் அடங்கிக் கிடந்த பேஸ் கிடார் எழுந்து முன்னால் வந்து நடை போட ஆரம்பித்தது. வரிகள் உடைந்தன. பல்லவி, சரணம் என்ற வீட்டை விட்டுக் குரல் வெளியே இறங்கிவிட்டது. அதுவரை நிதானமாக, முழு வாக்கியங்களில் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது துண்டு துண்டாகக் கெஞ்சுகிறான். எங்கேயும் போய்விடாதே என்கிறான். நீ வேண்டும் என்கிறான். சொன்னதையே திரும்பச் சொல்கிறான், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஒரு சொல்லை இழுக்கிறான், அடுத்ததைக் கடித்துத் துப்புகிறான், அதற்கடுத்தது சொல்லாகவே வராமல் வெறும் மூச்சாக வெளியே வருகிறது. சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு நிரவல் என்று சொன்னால் சட்டென்று புரியும்: ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, அது தாங்குகிற அளவுக்கெல்லாம் உருட்டி உருட்டிப் பாடிப் பார்ப்பது. இரண்டு நிமிடம் முழுக்க இதுதான்.

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதைத் திரும்பவும் போட்டேன். மூன்று தடவை கேட்டேன்.

இந்தப் பாட்டு ஏன் பழசாகவில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். காதலுக்கு வாக்குக் கொடுக்கும் பாட்டுகள் எண்ணிக்கையில் அடங்காது. மெதுவான தாளம், கீபோர்டு, உருகும் குரல், கடைசிவரை உன்னோடு என்று ஒரு வரி. கேட்கும்போது நன்றாக இருக்கும், அடுத்த வருடம் மறந்துபோகும். வாக்குக் கொடுத்த பிறகு, அது போதாது என்று தெரிந்துகொண்டு, பெருமையை எல்லாம் கீழே போட்டுவிட்டு நின்று கெஞ்சுகிற பாட்டு அபூர்வம். நம் அகப்பாட்டில் இதற்கென்று ஒரு துறையே உண்டு, 'இரந்து பின்நிற்றல்'. மலைநாட்டுத் தலைவன், வேலும் வில்லும் உள்ளவன், தோழியின் முன்னால் குறை சொல்லி இரந்து நிற்பான். அந்த நிலையில் அவனை வைத்துப் பார்க்கத்தான் புலவர்களுக்குப் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது. வாக்குக் கொடுப்பவன் கொடுக்கிற இடத்தில் இருக்கிறான். கை மேலே இருக்கிறது. கெஞ்சுகிறவனின் கை கீழே வந்துவிடுகிறது. ஒரே பாட்டுக்குள் அந்தக் கை மேலிருந்து கீழே இறங்குவதைக் காதால் கேட்க முடிகிறது.

அந்தக் கெஞ்சல் தானாக வந்ததல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு இன்னும் பிடித்துப்போனது.

1982-ல், லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்லேக் ஒலிப்பதிவுக்கூடத்தில் 'திரில்லர்' உருவானபோது மைக்கேலுக்கு வயது 23. அந்த ஆகஸ்டில் 24 ஆனது. ஐந்து வயது முதல் மேடையில் நின்றவர். ஆனாலும் கடுமையான கூச்சம். அதற்கு முந்தைய ஆல்பமான 'ஆஃப் த வால்' காலத்தில், தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸுக்குப் பாடிக் காட்ட வேண்டுமென்றால் சோபாவுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடுவாராம். குயின்சி விளக்கை அணைத்துவிட்டுக் கையால் கண்ணைப் பொத்திக்கொள்வாராம். குயின்சியே சொன்ன கதை இது. உலகத்தின் பெரிய அரங்குகளில் ஆடப்போகிற ஒருவர், ஒரே ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்கப் பாட முடியாமல் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த காட்சியை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் இந்தப் பாட்டுக்காகக் குயின்சி, கெஞ்சிப் பாடு என்று கேட்டார். அழகாகப் பாடு என்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருப்பார். அதற்கான பயிற்சி இருந்தது. கெஞ்சுவதற்குப் பயிற்சி கிடையாது. ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருப்பதிலிருந்து, மைக்கேல் வழக்கமாகவே இருட்டில்தான் பாடுவார் என்று தெரிகிறது. பாடல் வரிகளைத் தாளில் வைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் மனப்பாடமாக இருக்கும். கால் தட்டுவது, விரல் சொடுக்குவது எல்லாம் சேர்ந்தேதான் பதிவாகும். அந்தச் சத்தம் வேண்டும் என்பதற்காகவே காலடியில் ஒரு மரப்பலகை மேடை போட்டிருந்தார்கள். ஆக, விளக்கணைத்த அறை, பலகை மேல் நிற்கும் ஓர் இளைஞன், கையில் தாள் இல்லை, எதிரே யாரும் தெரியவில்லை. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்கும்போது இந்த இருட்டையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன். வெளிச்சத்தில் நின்று அப்படிக் கெஞ்ச யாராலும் முடியாது என்று எனக்குத் தோன்றும்.

பாட்டை எழுதியவரும் வெளிச்சத்தை விரும்பாதவர்தான். ராட் டெம்பர்டன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிளீதோர்ப்ஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். மீனை உறையவைத்துப் பொதியும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு 'ஹீட்வேவ்' குழுவில் கீபோர்டு வாசித்து, அதற்குப் பாட்டும் எழுதினார். அந்தக் குழுவுக்காக அவர் எழுதிய 'ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர்' இன்னொரு தீராத மெல்லிசைக் காதல் பாட்டு. திருமண நடனங்களில் இன்றும் ஒலிக்கிறது. 'திரில்லர்' என்ற தலைப்புப் பாட்டையும் எழுதியவர் அவரே. பேய்கள் எழுந்து ஆடும் பாட்டும், பெண்ணின் முன்னால் ஒருவன் கெஞ்சி நிற்கும் பாட்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. கண்ணுக்குத் தெரியாத மனிதர் என்று அவரை இசைத்துறையில் சொல்வார்கள். பேட்டிகள் குறைவு, புகைப்படங்கள் அதைவிடக் குறைவு. 2016-ல் இறந்தார். செய்தி வெளியே வந்தபோது இறுதிச் சடங்கு ஏற்கெனவே தனிப்பட்ட முறையில் முடிந்திருந்தது.

டெம்பர்டனின் திறமை இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் பாதியின் மெட்டு அழகுதான், ஆனால் அது போன்ற மெட்டுகளை வேறு சிலரும் போட்டிருக்கிறார்கள். அவர் செய்த பெரிய காரியம், பாதிக்கு மேல் தான் விலகிக்கொண்டது. ஒரு சிறிய சுற்றை வைத்துவிட்டு, இனி உன் பாடு என்று பாடகரிடம் விட்டுவிட்டார். எழுதியவருக்கு அது எளிதல்ல. இன்னொரு சரணம் எழுதிச் செருகத்தான் கை பரபரக்கும்.

சரணம் என்றதும் இன்னொன்று. இந்தப் பாட்டில் இன்னொரு சரணம் இருந்தது, அதை வெட்டிவிட்டார்கள்.

ஆல்பம் முடிந்து, இசையைத் தட்டில் பள்ளமாக வெட்டத் தயாராகிக் கேட்டுப் பார்த்தபோது ஒலி பலவீனமாக இருந்ததாம். மைக்கேலுக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் இசையில் இல்லை, நேரத்தில். வினைல் தட்டில் ஒரு பக்கத்துக்குள் அதிக நிமிடங்களைத் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்கி நெருக்கி வெட்ட வேண்டும். பள்ளம் நெருங்கினால் முள் ஆடுவதற்கு இடம் குறையும். ஒலியின் அளவைக் குறைத்துத்தான் பதிய முடியும், அடிச்சுரம் மெலியும். பக்கத்துக்கு 20 நிமிடத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இவர்களிடம் அதைவிட நிறையவே இருந்தது. ஆகவே ஒவ்வொரு பாட்டாக எடுத்துச் சுருக்கி, மறுபடியும் கலவை செய்தார்கள். 'பில்லி ஜீன்' பாட்டின் நீண்ட முன்னிசையில் கை வைத்தார்கள். 'த லேடி இன் மை லைஃப்' ஒரு சரணத்தை இழந்தது.

அவர்கள் சரணத்தை வெட்டினார்கள், கெஞ்சலை வெட்டவில்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேரம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால், சொன்னதையே சொல்லும் கடைசி இரண்டு நிமிடத்தை முன்கூட்டியே மங்கவிட்டு முடிப்பதுதான் சுலபமான வழி. பாட்டை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டு அப்படிச் செய்யக் கூடாது என்று அந்த அறையில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. என் கேசட் செய்ததுதான் அதற்கு நேர் எதிர்.

தட்டில் அதற்குக் கிடைத்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தின் கடைசி, நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை ஒட்டி. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி வட்டத்தில் முள்ளுக்கு அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள் வட்டத்தில் அது 20 சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும். கூர்மையான உயர்சுரங்கள் அங்கே கரகரக்கும். அதனால்தான் அதிரடிப் பாட்டுகளைப் பக்கத்தின் தொடக்கத்திலும், மெல்லிய பாட்டுகளைக் கடைசியிலும் வைப்பது வழக்கம். மெதுவான காதல் பாட்டுகள் ஆல்பங்களின் கடைசியில் வந்து நம்மை உறங்க வைப்பதற்குப் பின்னால் இப்படியொரு முள்ளின் கணக்கும் இருக்கிறது. எனக்கு இதில் ஓர் ஆறுதல். அந்தச் சிறிய வட்டங்களில், இடமே இல்லாத இடத்தில், அவன் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒன்பது பாட்டுகளில் ஏழு தனி வெளியீடாக வந்தன. ஏழும் அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தன. ஆல்பம் 37 வாரம் முதலிடத்தில் இருந்தது, 1984-ல் மைக்கேல் ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகளை வாங்கினார். இந்த ஆரவாரத்தில் வெளியே வராமல் உள்ளேயே தங்கியவை இரண்டே பாட்டுகள். அதில் ஒன்று இது. வீடியோ இல்லை, தொப்பி இல்லை, பளபளக்கும் கையுறை இல்லை. இந்தப் பாட்டைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆல்பத்தைக் கடைசிவரை ஓடவிட்டவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 'பில்லி ஜீன்' ஊருக்கே சொந்தம். இதைத் தனியாகக் கண்டெடுத்தவர்கள், எனக்கு மட்டும் தெரிந்த பாட்டு என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இசைக்கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. 1985-ல் ஸ்டான்லி ஜோர்டன் என்ற கிடார் கலைஞர் தன் ஆல்பத்தில் இதை வாசித்தார். இரண்டு கை விரல்களாலும் கம்பிகளைத் தட்டித் தட்டி, பியானோ போல வாசிக்கிறவர் அவர். வரிகளே இல்லாமல் கேட்கும்போதும் அந்த ஏக்கம் அப்படியே இருந்தது. 1995-ல் எல்எல் கூல் ஜே என்ற ராப் பாடகர், பாய்ஸ் டூ மென் குழுவோடு சேர்ந்து 'ஹே லவர்' செய்தபோது இந்தப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அடித்தளமாகப் போட்டார். கிராமி விருதும் கிடைத்தது. எந்தத் துண்டை எடுத்தார்கள் தெரியுமா? பேஸ் எழுந்து நடக்கும் அந்தப் பின்பாதியைத்தான். என் கேசட்டில் இல்லாத பகுதியை.

1970-ல், 12 வயது நிறைவதற்குள், அண்ணன்மார்களோடு சேர்ந்து மைக்கேல் பாடிய 'ஐல் பி தேர்' பாட்டையும் நான் இதோடு சேர்த்துக் கேட்பதுண்டு. கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று ஒரு குழந்தை கொடுக்கும் வாக்கு அது. அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. அதுதான் அதன் அழகு. பன்னிரண்டு வருடம் கழித்து அதே மனிதர் மறுபடியும் வாக்குக் கொடுக்கிறார். இந்த முறை சந்தேகம் உள்ளே வந்துவிட்டது. தான் இருப்பேன் என்பதில் சந்தேகமில்லை. அவள் இருப்பாளா என்பதில்தான். குழந்தைக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

அந்த இரவுக்கு வருகிறேன். துணி தேய்த்து முடித்த பிறகு போய்க் கதவைத் தட்டினேன், சமாதானமானோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தோம். ஆனால் அதுவரை நான் அவரிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒரு விளக்கத்தை. இனி இப்படி நடக்காது என்ற உறுதிமொழியை. எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல என்று அன்று தெரிந்தது. போகாதே என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அவரும் அதையேதான் என்னிடமிருந்து எதிர்பார்த்திருக்கிறார் என்பது பிறகு பேச்சில் வந்தது. இரண்டு பேருமே வாக்குக் கொடுப்பதில் தாராளமானவர்கள். கேட்கத்தான் வாய் வரவில்லை. இருபது வருடத்தில் கொஞ்சம் வந்திருக்கிறது.

போன மாதம் அண்ணன் வந்திருந்தான். இரவு அவனைக் கூட்டிக்கொண்டு காரில் திரும்பும்போது இந்தப் பாட்டைப் போட்டேன். "இது அந்த கேசட்ல இருந்த பாட்டுதானே?" என்றான். ஆமாம் என்றேன். அந்த நான்கு நிமிடம் தட்டைத் திருப்பாமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. "அவன்கூடப் பேசிட்டிருந்திருப்பேன்" என்றான். அந்த நண்பனை அவன் கடைசியாகப் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

மூச்சு இழுக்கும் இடம் வந்தது. கடந்தது. பேஸ் எழுந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். நான் வண்டியை அணைக்கவில்லை, அவன் கதவைத் திறக்கவில்லை. பாட்டுக்கு முடிவு என்று ஒன்று இல்லை. பாடுகிறவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்துவிடும். அது குறையத் தொடங்கியதும் அண்ணன் கையை நீட்டி ஒலியைக் கூட்டினான். இன்னும் குறைந்தது. இன்னும் கூட்டினான்.